நான்கு மொழிப் பலகையில் தமிழ்

சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில், மின்தூக்கிக் கதவை ஒட்டி ஓர் அறிவிப்புப் பலகை இருக்கும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் நாள், கொசு மருந்து அடிக்கும் நேரம், மின்தூக்கி பழுதுபார்ப்பு எல்லாம் அதில்தான் வரும். 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வோர் இனத்தவரும் எத்தனை வீடு வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருப்பதால், தனித்தனியாகச் சீனர் பேட்டை, மலாய்க்காரர் பேட்டை, இந்தியர் பேட்டை என்று அங்கே பிரிந்துகிடப்பதில்லை. எல்லா இனத்தாரும் அந்த ஒரே பலகையின் முன்தான் மின்தூக்கிக்காகக் காத்து நிற்கிறார்கள்.

மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் அரசமைப்புச் சட்டப்படி அதிகாரத்துவ மொழிகள். அதனால் பொது அறிவிப்புகள் பலவற்றில் நான்கும் இடம்பெறுகின்றன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் தமிழையே அதிகம் பேசுவதாகச் சொன்னவர்கள், ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. அவர்களிலும் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் தெரியும். அப்படியிருக்க இந்தத் தமிழ் வரி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. தமிழர்களே கேட்கிறார்கள்.

அந்த வரியைப் படிப்பவர்கள் இரண்டு வகை. அது இல்லாவிட்டால் விஷயமே தெரியாது என்ற நிலையில் இருப்பவர்கள் ஒரு வகை: தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய மூத்தோர், தமிழ்நாட்டிலிருந்து வந்து கட்டுமானத் தளத்திலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் ஊழியர்கள். ஆங்கிலத்தைச் சரளமாகப் படித்தாலும் கண் தன்னால் தமிழ் வரிக்குப் போய்விடுபவர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு அது தகவல். இரண்டாம் வகைக்கு, இந்த நாட்டில் எனக்கும் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்பதற்கான அத்தாட்சி. பிழையாக எழுதினால் முன்னவருக்கு ஆபத்து, பின்னவருக்கு அவமதிப்பு. அதனால்தான் ஒரு துணைக்கால் விடுபட்டாலும் தமிழர்கள் படம் எடுத்துப் போட்டுக் கொதிக்கிறார்கள். அந்தக் கோபத்தை அற்பமானது என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

2014இல் லாவ் பா சாட் உணவங்காடிக்கு வழிகாட்டும் பலகையில், பெயரின் கடைசி அசையான ‘சாட்’ ஆங்கிலத்தில் சனிக்கிழமைக்கான சுருக்கம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டு, தமிழில் ‘சனி’ ஆகிவிட்டது. இடப்பெயரில் போய் ‘சனி’! 2017 தேசிய தின அணிவகுப்புக்கான விளம்பரத் தாளில் தமிழ் எழுத்துகள் குலைந்து அச்சாகி, ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. முதலாவது மொழிபெயர்ப்பில் நேர்ந்த பிழை, இரண்டாவது எழுத்துக்கோப்பில் நேர்ந்தது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காவிட்டால் ஒன்றைக்கூடத் தடுக்க முடியாது. நல்ல மொழிபெயர்ப்பாளரை வைத்தும் பலகை பிழையாக வருவது ஏனென்றால், அவர் கையை விட்டுப் போன பிறகு தமிழே தெரியாத மூன்று பேர் அதைத் தொடுகிறார்கள்.

எழுத்து ஏன் குலைகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் ‘கெ’ என்ற எழுத்து, முதலில் ‘க’, அதன் பின்னால் ஒற்றைக்கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு முன்னால் வரவேண்டும். ‘கொ’வுக்குக் கொம்பு முன்னால், கால் பின்னால். இந்த இடமாற்றத்தைச் செய்வது மென்பொருள். வடிவமைப்பாளரின் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான வசதி இயங்கவில்லை என்றால் கொம்பு பின்னால் நின்றுவிடும், புள்ளி எழுத்தின் தலையிலிருந்து நகர்ந்துவிடும், சில இடங்களில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று முளைக்கும். தமிழ் தெரியாத கண்ணுக்கு இவை எல்லாமே ‘தமிழ் மாதிரி’தான் இருக்கும். அந்த வடிவமைப்பாளர் கவனக்குறைவானவர் என்று சொல்வதில் நியாயம் இல்லை. சீன எழுத்தின் ஒரு கோடு மாறினால் நமக்குத் தெரியுமா?

இதற்கான தீர்வு எளியது. பக்க வடிவமைப்பு மென்பொருளான அடோபி இன்டிசைனில் பத்திக்கான அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி கம்போசர்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதே நிறுவனத்தின் வரைகலை மென்பொருளான இல்லஸ்டிரேட்டரில் விருப்பத் தேர்வுகளுக்குள் போய் இந்திய மொழி வசதியை இயக்க வேண்டும். எழுத்துரு யூனிகோட் எழுத்துருவாக இருக்க வேண்டும். பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பை அப்படியே ஒட்டினால் ஒரு வரி முழுக்க ஆங்கிலக் குப்பையாக மாறும். பிடிஎஃப் கோப்பிலிருந்து தமிழை நகலெடுத்து ஒட்டவே கூடாது, கொம்பும் காலும் வழியிலேயே தொலைந்துபோகும். மொழிபெயர்ப்பாளர் இரண்டு கோப்புகளைச் சேர்த்து அனுப்ப வேண்டும்: நகலெடுக்க ஒரு வேர்டு கோப்பு, ‘இப்படித்தான் தெரிய வேண்டும்’ என்று ஒப்பிட ஒரு படம். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் இரண்டு படங்களை ஒப்பிடத் தெரியும்.

தொடங்கும் முன் ஒரு சோதனை வரியை ஒட்டிப் பார்த்தால் போதும்: கொ, கோ, கௌ, தூ, ணு, ஸ்ரீ, க்ஷ. இந்த ஏழும் சரியாக வந்தால் மற்றவையும் வந்துவிடும். ‘கௌ’வை மட்டும் கூர்ந்து பாருங்கள். பலர் ‘கெ’யையும் ‘ள’வையும் பக்கத்தில் பக்கத்தில் தட்டிவிட்டு ‘கௌ’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும். ஆனால் பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் அதை ‘கெள’ என்றுதான் படிக்கும், தேடினாலும் அகப்படாது.

அடுத்தது இடம். ஆங்கில வரி எடுக்கும் இடத்தைப்போல் ஒன்றரை மடங்கைத் தமிழுக்கு ஒதுக்குங்கள். வரி இடைவெளி எழுத்தின் அளவைப்போல் 1.4 மடங்காவது இருக்கட்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் ‘ழு’வின் வால் கீழ்வரியின் ‘கி’யின் கொக்கியில் மோதும். தானாகச் சொல்லை உடைக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். சொல்லை உடைத்தே தீர வேண்டுமென்றால், புள்ளி வைத்த எழுத்தில் அடுத்த வரி தொடங்கக் கூடாது.

இட நெருக்கடி தமிழில் செய்யும் கேடு ஆங்கிலத்தில் செய்வதைவிடப் பெரியது, காரணம் நம் வாக்கிய அமைப்பு. ஆங்கிலத்தில் ‘கூடாது’ என்பது வரியின் தலையிலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசியில் வரும். ‘இங்கே சைக்கிள் ஓட்டக்’ என்பது ஒரு வரியிலும் ‘கூடாது’ அடுத்த வரியிலும் விழுந்து, இடம் போதவில்லை என்று இரண்டாம் வரி வெட்டுப்பட்டால், தடை அங்கேயே காணாமல் போகிறது. அபாய அறிவிப்பில் இது உயிர்ப் பிரச்சினை. அதனால் தடை வாக்கியத்தை ஒரே சொல்லில் முடிப்பது நல்லது: ‘நுழையாதீர்கள்’, ‘தொடாதீர்கள்’, ‘ஓட்டாதீர்கள்’. எந்த இடத்தில் வெட்டக் கூடாது என்பதையும் வடிவமைப்பாளருக்குக் குறித்துக் கொடுங்கள்.

உணவங்காடி நிலையத்துத் தட்டு அடுக்கு இதற்கு நல்ல உதாரணம். சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காதவர்கள்மீது 2021 செப்டம்பர் 1 முதல் நடவடிக்கை எடுக்கப்படுகிறது. அடுக்குகள் இரண்டாக இருக்கும், ஹலால் தட்டுகளுக்கு ஒன்று, மற்றவற்றுக்கு இன்னொன்று. ‘ஹலால் தட்டுகள்’, ‘ஹலால் அல்லாத தட்டுகள்’ என்ற இரண்டுக்கும் இடையில் இருப்பது ‘அல்லாத’ என்ற ஒரே சொல். அச்சில் அது சிறுத்தாலோ விழுந்தாலோ, ஒரு முஸ்லிம் குடும்பம் அந்த இடத்தின்மீது வைத்திருக்கும் நம்பிக்கை போய்விடும். அந்தச் சொல்லைத் தடித்த எழுத்தில், முதல் வரியிலேயே கொண்டுவாருங்கள். நிறத்தாலும் வேறுபடுத்துங்கள்.

அதே அடுக்கின் மேலே வரும் வேண்டுகோளையும் பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பு தருவது இந்தப் பாணியில் இருக்கும்: ‘தயவுசெய்து உங்கள் தட்டுகளைத் திரும்பக் கொடுக்கவும்.’ இலக்கணப் பிழை இல்லை. ஆனால் யாரிடம் கொடுப்பது? ‘சாப்பிட்டு முடித்ததும் தட்டையும் கோப்பைகளையும் இங்கே கொண்டுவந்து வையுங்கள்’ என்று எழுதினால் எழுபது வயதுப் பாட்டிக்கும் புரியும். ‘தயவுசெய்து’ இல்லாமலே இதில் மரியாதை இருக்கிறது. ‘வையுங்கள்’ என்ற வினையிலேயே அது உட்கார்ந்திருக்கிறது. வரிக்கு வரி ‘தயவுசெய்து’ போட்டுவிட்டு வினையை ‘வைக்கவும்’ என்று விறைப்பாக முடிப்பது மரியாதையும் ஆகாது, தெளிவும் ஆகாது.

இயந்திரத்தைப் பயன்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் வரைவுக்கு அது உதவும். ஆனால் மூன்று இடங்களில் அது வழக்கமாகச் சறுக்குகிறது: ஒரே அறிவிப்பில் ‘நீ’யும் ‘நீங்களும்’ கலந்துவிடும், இடப்பெயரை மொழிபெயர்த்துவிடும், சிங்கப்பூர்ச் சொல்லுக்குப் பதில் சென்னைச் சொல்லைப் போட்டுவிடும். இங்கே பெருவிரைவு ரயில், சமூக மன்றம், மத்திய சேம நிதி என்பவை அறுபதாண்டு நாடு சேர்த்துவைத்த சொற்கள். வங்கிப் படிவத்திலும் தமிழ் முரசு நாளிதழிலும் வானொலியிலும் ஒரே சொல் வந்தால்தான் மூத்தோருக்குக் குழப்பம் வராது. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசுக்கு இந்தச் சொற்களை நிலைநிறுத்தியதில் பெரிய பங்கு உண்டு. இடப்பெயர்களுக்கும் அதைப் பார்த்தால் வழி தெரியும்: தோ பாயோ, சுவா சூ காங், ஈசூன். ஊரார் வாயில் வரும் ஒலிதான் அளவுகோல், ஆங்கில எழுத்துக்கூட்டல் இல்லை. சீனப் பெயரையும் அப்படியே எழுத வேண்டும். ஆங்கிலத்தில் உயிரெழுத்தே இல்லாமல் இரண்டு எழுத்தில் ‘Ng’ என்று எழுதப்படும் குடும்பப் பெயர் தமிழில் ‘இங்’. அதை ‘என்ஜி’ என்று எழுதினால் அவர் வீட்டில் யாருக்கும் அது தங்கள் பெயர் என்று தெரியாது.

இதுவரை சொன்னது தொழில்நுட்பம். சொல்லைத் தேர்ந்தெடுப்பது அதைவிடக் கடினம்.

‘வேலைக்காரி’ என்று எழுதுவதற்கும் ‘இல்லப் பணிப்பெண்’ என்று எழுதுவதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். ‘கூலி’, ‘ஊழியர்’ என்பவையும் அப்படித்தான். ‘கிழவர்’ அல்ல, ‘மூத்தோர்’. ஆனால் நாம் கவனிக்கத் தவறும் இடம் ஒன்று உண்டு, அது நம் வீட்டுப் பேச்சு. ‘சீனன்’, ‘மலாய்க்காரன்’, ‘பங்களாதேஷ்காரன்’ என்று னகரத்தில் முடிப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நம்மை மற்றவர்கள் எப்படி அழைக்க வேண்டும் என்பதில் அவ்வளவு கவனமாக இருக்கும் நாம், அவர்களை ரகரத்தில் முடித்து அழைப்பதற்கு என்ன தடை? பிள்ளைகள் இதைப் பள்ளிக்கூடத்தில் கற்பதில்லை, சாப்பாட்டு மேசையில் கற்கிறார்கள்.

அழைக்கும் சொல் தெருப்பெயரில் இருந்தாலும் உறுத்தும். சிங்கப்பூரில் கிளிங் ஸ்திரீட் என்று ஒரு தெரு இருந்தது. தென்னிந்தியர்களைக் குறித்த அந்தச் சொல் காலப்போக்கில் வசையாக மாறியிருந்தது. இந்தியச் சமூகம் ஆட்சேபம் தெரிவித்த பிறகு, 1920களின் தொடக்கத்தில் அது சூலியா ஸ்திரீட் ஆயிற்று. நாடு என்று ஒன்று பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இங்கிருந்தவர்கள் தங்கள் பெயருக்காகப் பேசியிருக்கிறார்கள்.

எந்த அறிவிப்பு எந்த மொழியில் வருகிறது என்பதும் ஒரு செய்திதான். வரவேற்பு ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, ‘எச்சில் துப்பாதீர்கள்’ மட்டும் தமிழிலும் வங்காளத்திலும் இருந்தால், அந்த வழியாக நடக்கும் எல்லாருக்கும் துப்புகிறவர்கள் யார் என்று சொல்லியாகிவிட்டது. எழுதிய வாக்கியம் எவ்வளவு பணிவாக இருந்தாலும் இதைச் சரிக்கட்ட முடியாது. இதற்கு நான் வைக்கும் விதி: தடை என்றால் நான்கு மொழியிலும், வரவேற்பு என்றாலும் நான்கு மொழியிலும். ஒரு குறிப்பிட்ட குழுவுக்கு மட்டும் சொல்ல வேண்டியது இருந்தால், அதைப் பலகையில் போடாமல் ஊழியர் தங்குவிடுதியின் பொறுப்பாளர் மூலமாகவோ நேரடிச் செய்தியாகவோ அனுப்பலாம்.

படிவங்களில் பெயருக்கான கட்டங்களும் அப்படித்தான். ‘முதற்பெயர்’, ‘குடும்பப் பெயர்’ என்று இரண்டு கட்டம் வைத்தால், இந்த நாட்டின் மூன்று பெரிய சமூகங்களும் மூன்று விதமாகத் தடுமாறும். ‘கவிதா, தகப்பனார் முருகன்’ என்ற பெண்ணுக்கு ‘மிஸ் முருகன்’ என்று கடிதம் வரும். ‘அமினா பிந்தே யூசோஃப்’ என்பவரை மேடையில் ‘யூசோஃப்’ என்று கூப்பிடுவார்கள், அது அவருடைய அப்பா. ‘டான் மெய் லிங்’ என்பதில் குடும்பப் பெயர் முதலில் நிற்கிறது, அவர் ‘மிஸ் டான்’, ‘மிஸ் லிங்’ அல்ல. படிவத்தில் ‘அடையாள அட்டையில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே நீளமான கட்டமும், ‘உங்களை எப்படி அழைக்கலாம்?’ என்று இன்னொரு கட்டமும் வையுங்கள். முழுப்பெயர்க் கட்டத்தில் அறுபது எழுத்துக்காவது இடம் இருக்கட்டும், தமிழ்ப் பெயரோடு தகப்பனார் பெயரும் சேர்ந்தால் முப்பதில் அடங்காது. பட்டமளிப்பு, பரிசளிப்பு போன்ற நிகழ்ச்சிகளில் அறிவிப்பாளர் முதல் நாளே பெயர்ப்பட்டியலை வாங்கி, தெரியாத பெயர்களுக்கு உரியவரிடமே குரல்பதிவு கேட்டு, ஒலிப்பைத் தன் எழுத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். ‘ழ’ வராவிட்டால் பரவாயில்லை. முயற்சி செய்யாமல் தாண்டிப் போவதுதான் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு வலிக்கும்.

ஒரு சொல்லை மாற்றுவதற்கு எவ்வளவு யோசிக்கலாம் என்பதற்கு இந்த நாட்டின் தேசிய உறுதிமொழியே சாட்சி. 1964 ஜூலை 21 அன்று நபிகள் பிறந்தநாள் ஊர்வலத்தில் தொடங்கிய இனக் கலவரத்திலும் அதே ஆண்டின் செப்டம்பர் கலவரத்திலும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு நாடு மலேசியாவிலிருந்து பிரிந்து தனித்து நின்றது. 1966 பிப்ரவரியில் உறுதிமொழியின் வரைவு, யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த அன்றைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினத்தின் கைக்கு வந்தது. அவர் எழுதிய வடிவத்தில் இன, மொழி, சமய வேற்றுமைகளை மறப்பது என்று இருந்தது. இறுதி ஆங்கில வடிவத்தில் அந்த ‘மறப்பது’ போய், ‘இனம், மொழி, சமயம் பாராமல்’ என்ற பொருள் வந்தது. மறக்கச் சொன்னால் நான் என் தமிழைக் கீழே வைத்துவிட்டு வர வேண்டும். பாராமல் என்றால் அதைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் நிற்கலாம். தமிழ் வடிவத்தில் மட்டும் ‘வேற்றுமைகளை மறந்து ஒன்றுபட்டு’ என்றுதான் இன்றும் பள்ளிப் பிள்ளைகள் சொல்கிறார்கள். ராஜரத்தினத்தின் பழைய வரைவு தமிழில் அப்படியே தங்கிவிட்டது போல இருக்கிறது. எனக்கு ‘பாராமல்’தான் சரி என்று படுகிறது.

இனி நடைமுறை. நான்கு மொழி அறிவிப்பைத் தயாரிக்கும் அலுவலகங்களில் தமிழுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கடைசி நாளின் பிற்பகல். பிழையில் பாதி அங்கேதான் பிறக்கிறது. ஆங்கில மூலம் இறுதியானதும் ஒரே நாளில் மூன்று மொழிக்கும் அனுப்புங்கள். மொழிபெயர்ப்பவர் ஒருவர், படித்துப் பார்ப்பவர் வேறொருவர். வடிவமைப்பு முடிந்ததும் கோப்பு மறுபடி தமிழ் தெரிந்தவரிடம் வர வேண்டும், அச்சுக்குப் போகும் அதே பிடிஎஃப், அதே அளவில். எழுத்துகளைக் கோட்டுருவமாக (அவுட்லைன்) மாற்றிய பிறகு ஒருமுறை பார்ப்பது கட்டாயம், அந்தக் கட்டத்திலும் புள்ளிகள் நகரக்கூடும். அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் திரும்பப் பார்க்க வேண்டும்.

ஒரு பலகையில் பிழையைக் கண்டால், பலகை முழுதும் தெரிய ஒரு படமும் பிழை மட்டும் பெரிதாகத் தெரிய இன்னொரு படமும் எடுங்கள். இடத்தைச் சரியாக எழுதுங்கள்: புளோக் எண், ரயில் நிலையத்தின் எந்த வாசல், எந்தப் பக்கம். பலகையின் கீழே எந்த அமைப்பின் பெயர் இருக்கிறதோ அதற்கே அனுப்புங்கள். நகர மன்றத்துப் பலகையை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கு அனுப்பினால் அது அலைந்துகொண்டே இருக்கும். என்ன பிழை என்று ஒரே வரியில் சொல்லுங்கள். சரியான வாசகத்தை யூனிகோடில் முழுமையாகத் தட்டச்சிட்டுக் கொடுங்கள், அது எப்படித் தெரிய வேண்டும் என்பதற்கான படத்தையும் இணையுங்கள். அதைப் பெறும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம். அப்படியிருந்தாலும் வடிவமைப்பாளருக்கு அவர் அதை நேரே அனுப்பிவிட முடியும். புதிய பலகை மாட்டியதும் போய்ப் பார்த்து, சரியாக இருந்தால் அதையும் ஒரு வரி எழுதித் தெரிவித்துவிடுங்கள்.